அளவுக்கு வரும்போது தெறிக்கும் பேனாக்கட்டை

கேள்வி: ஈட்டி மரம், பலா மரம் இரண்டையும் குறுக்கே துண்டுபோட்டு, இடையில் மெல்லிய அலுமினியத் தகடு வைத்து ஒட்டிப் பேனா கடைகிறேன். ஸ்லிம்லைன் கிட் (மெல்லிய பேனாவுக்கான உலோகப் பாகங்கள்), சின்ன லேத். நான்கு கட்டையில் மூன்று, அளவுக்கு வரும் நேரத்தில் தெறித்துவிட்டன. தப்பிய ஒன்றிலும் பலாவின் மஞ்சள் அழுக்காகிவிட்டது. உளியில் கோளாறா?

பதில்: உளியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட கட்டை பெரும்பாலும் டிரில் போடும்போதே விட்டுப்போயிருக்கும். லேத்தில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். உள்ளே போகும் பித்தளைக் குழாய் 7 மி.மீ. முனையில் புஷ் (கடைந்து முடிக்க வேண்டிய அளவைக் காட்டும் வளையம்) ஏறக்குறைய 8.4 மி.மீ. அப்படியானால் சுற்றிலும் மிஞ்சுகிற மரம் 0.7 மி.மீ., இரண்டு விசிட்டிங் கார்டு கனம். ஒற்றை மரமென்றால் நார் நீளவாக்கில் ஓடித் தாங்கிக்கொள்ளும். உங்கள் கட்டையிலோ தகடு வரும் இடத்தில் நாரே இல்லை, பசை மட்டும்தான்.

ஃபெவிகுவிக் மாதிரி உடனடிப் பசையில் ஒட்டியிருந்தால் அதை மாற்றுங்கள். காய்ந்தபின் அது கண்ணாடி மாதிரி. உளி தட்டுகிற அதிர்வைத் தாங்காது. மெதுவாக இறுகும் எபாக்சிதான் சரி. தகட்டை 120 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, விரல் படாமல் அப்போதே ஒட்ட வேண்டும். ஈட்டியில் எண்ணெய் உண்டு, அதையும் துடையுங்கள். குறுக்காக அறுத்த முகம் பசையைக் குடித்துவிடும் என்பதால் ஒரு பூச்சு பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, மறுபடி பூசுங்கள். கிளாம்பை வெறியோடு முறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

அப்புறம் டிரில். கூரான பிட், குறைந்த வேகம். ஐந்து மி.மீ. இறங்கியதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். அலுமினியச் சுருள் பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொண்டால் துளையின் சுவரைக் கிழித்துவிடும். லேத்தை நிறுத்தி, கட்டைக்கு வெளியே தெரியும் தகட்டின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? பசை இளக ஆரம்பித்துவிட்டது, ஆறவிடுங்கள். கட்டையைத் தேவையைவிடப் பத்து மி.மீ. நீளமாகவே விட்டு, பிட் மறுபக்கம் வெளிவருமுன் நிறுத்தி, அந்த முனையை ரம்பத்தால் அறுத்துவிட்டால் முனை பிய்ந்துபோகாது.

குழாயை ஒட்டவும் எபாக்சிதான். துளைக்குள்ளும் தாராளமாகத் தடவி, குழாயைத் திருகிக்கொண்டே செருகுங்கள். உள்ளே ஒரு வெற்றிடம் இருந்தால் கடைசியில் சரியாக அந்த இடம்தான் பறக்கும். என் முதல் கட்டை இப்படித்தான் கண்ணாடிக் கவசத்தில் வந்து அடித்தது.

முனையைச் சமமாக்க மில்லிங் கட்டரைப் போடாதீர்கள். தகட்டில் மாட்டிப் பிடுங்கிவிடும். சாண்டிங் டிஸ்கில் தேய்ப்பது நல்லது. கட்டையின் நான்கு மூலைகளையும் லேத்தில் ஏற்றுமுன் அங்கேயே மழுக்கிவிடுங்கள். கடைசலில் விட்டம் 10 மி.மீ. வந்ததும் நிறுத்தி, இணைப்புகளில் தண்ணீர் மாதிரி நீர்த்த சயனோ பசையை (உடனடிப் பசை வகை) ஊறவிட்டு, காய்ந்தபின் தொடருங்கள். உடனடிப் பசைக்கு இங்கேதான் வேலை. இதற்குமேல் உளியைப் புதிதாகத் தீட்டி, இழை இழையாகத்தான் எடுக்க வேண்டும்.

பலா அழுக்கானது உப்புத்தாளால். ஈட்டித் தூளும் அலுமினியக் கரியும் மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட்டன. தேய்க்குமுன் நீர்த்த சயனோவை முழுக்கப் பூசித் துளைகளை அடைத்துவிடுங்கள். உளியிலேயே வழவழப்பு வரவைத்தால் 400 நம்பரில் தொடங்கலாம். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவே காற்றால் ஊதுங்கள். ஸ்பிரிட் துணியால் துடைத்தீர்களோ, ஈட்டியின் சாயம் கரைந்து பலாவில் ஏறும். ஈட்டித் தூள் சிலருக்கு ஒவ்வாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.