பழைய பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் போய் மேனுவல்: கேள்வி பதில்

கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். குவிந்துவிட்டன. என் கை பட்டவை பெரும்பாலும் எண்பது, தொண்ணூறுகளின் ஃபோர்டு எஃப் வரிசை வண்டிகள், செவி (செவர்லே) கொஞ்சம். அதைத் தாண்டிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: 1990 எஃப்-150, 302 கன அங்குல இன்ஜின், இ4ஓடி ஆட்டோமேட்டிக். ஐந்து கியர் எம்5ஓடி மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இன்னும் என்ன வாங்க வேண்டும்?

கியர்பாக்ஸ் கிடைத்தது நல்லதுதான். ஆனால் அது வேலையில் பாதிகூட இல்லை.

இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனையிலிருந்து வாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சின் வேலையைச் செய்யும் டார்க் கன்வர்ட்டரைப் பிடித்திருக்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட் போய், கிளட்ச் உட்காரும் கனமான ஃப்ளைவீல் வர வேண்டும். 302-இல் பலர் சறுக்குவது இங்கேதான். கிராங்கைச் சமன்செய்ய ஃப்ளைவீலில் ஓர் எதிர்எடை இருக்கும்; 1980 வரை வந்த 302-க்கு அது 28 அவுன்ஸ் கணக்கு. 1982-க்குப் பிறகு 50. மாற்றி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் ஸ்டியரிங் வரைக்கும் நடுங்கும். நாளடைவில் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். "ஓட்டை பொருந்துகிறதே" என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். போல்ட்டும் புதிது வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட் போல்ட் குட்டை. ஃப்ளைவீலின் கனத்தைத் தாண்டி நாலு மரைகூடப் பிடிக்காது.

அடுத்தது பைலட் பேரிங். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது கிடையாது, அதனால்தான் நினைவுக்கும் வராது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் மூக்கு உட்காரும் இடம் அது. என் முதல் வண்டியில் மறந்தேன். எல்லாம் மாட்டி முடித்து, கை கழுவி, டீ குடிக்க உட்கார்ந்தபோது மேசைமேல் டப்பாவோடு அப்படியே இருந்தது. மறுபடியும் முழுக்க இறக்கினேன்.

கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இந்த கியர்பாக்ஸில் பெல் ஹவுசிங்கிற்கு (கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்கு) உள்ளேயே இருக்கிறது. பழையது நன்றாக இருந்தாலும் புதிதாகப் போடுங்கள்; பிறகு அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். மேல் மூடியின் பின்பக்கம் மூன்று ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவை காய்ந்து கசிவது இதன் பிறவிக் குணம். சொட்டுச் சொட்டாகக் காலியாகி, ஒரு நாள் உள்ளே எல்லாம் கருகிவிடும். கீழே இருக்கும்போதே உலோக அடைப்பான் அடித்துவிடுங்கள். எண்ணெய் ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக்கில் ஊற்றும் அதே எண்ணெய்), கியர் ஆயில் இல்லை.

கேபினுக்குள் கிளட்ச் பெடலை மட்டும் தனியாகக் கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது. பெடல் கூடு முழுதாக வேண்டும். இந்த ஃபோர்டுகளில் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் ஃபயர்வால் தகடு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருப்பது) ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து, கடைசியில் விரிசல் விடும். துளை போடும் அன்றே பின்னால் ஒரு தகடு வைத்து வலுப்படுத்துங்கள். அப்புறம் கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பர், ஸ்பீடோமீட்டர் கியர், மேனுவல் வண்டியின் கம்ப்யூட்டர். பழைய கம்ப்யூட்டரை விட்டால், கழற்றிப் போட்ட ஆட்டோமேட்டிக்கின் சாலினாய்டுகளை (மின்சாரத்தில் இயங்கும் வால்வுகளை) அது தேடிக்கொண்டே இருக்கும், எச்சரிக்கை விளக்கும் அணையாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தைக் கடைசியில், எல்லாம் உட்கார்ந்த பிறகு அளந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அலைவதைவிட, மேனுவலோடு பிறந்த பழைய வண்டி ஒன்றை முழுசாக வாங்கிப் பிரித்துவிடுங்கள். யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: மேனுவல் போட்டால் மைலேஜ் கூடுமா?

எல்லோரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஓவர்டிரைவ் என்கிற கடைசி கியரின் விகிதம் இ4ஓடியில் 0.71, எம்5ஓடியில் 0.80; எண் சிறிதானால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். அதே ஆக்சில், அதே வேகம் என்றால் இன்ஜின் 12, 13 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். பழைய ஏஓடி ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாறினால் வித்தியாசம் இன்னும் மோசம், அதில் 0.67. அதற்கும் பழைய சி6 ஆட்டோமேட்டிக் வைத்திருந்தால் கதை வேறு. அதில் ஓவர்டிரைவும் இல்லை, கன்வர்ட்டரைப் பூட்டும் வசதியும் இல்லை. எது போட்டாலும் முன்னேற்றம்தான்.

கேள்வி: செவி 350, டிஹெச்350 ஆட்டோமேட்டிக். எஸ்எம்465 மேனுவல் போடலாமா?

தாராளமாக. இரும்புப் பாறை அது. ஆனால் நாலே கியர், ஓவர்டிரைவ் இல்லை. முதல் கியர் 6.55, அதற்குச் சின்க்ரோவும் (ஓட்டத்தில் கியர் உரசாமல் விழ உதவுவது) கிடையாது. சாதாரணமாக இரண்டாவதில்தான் கிளப்புவீர்கள். ஃப்ளைவீல் வாங்குமுன் கிராங்கின் பின்சீல் ஒற்றைத் துண்டா, இரண்டு துண்டா என்று பாருங்கள். ஒற்றை என்றால் எதிர்எடை வைத்த ஃப்ளைவீல்.

இதன் எடை 80 கிலோ பக்கம். நெஞ்சில் வைத்துத் தூக்கி மாட்டிய வீரக் கதைகளை எனக்கு எழுதாதீர்கள். கியர்பாக்ஸ் ஜாக்கி வையுங்கள். பாதி நுழைந்த நிலையில் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கவிடாதீர்கள், மையம் கோணிவிடும். கடைசி அரை இஞ்சை போல்ட் முறுக்கி இழுக்கவும் கூடாது. தானாகப் போகவில்லை என்றால் எங்கோ தட்டுகிறது என்று அர்த்தம்.

கேள்வி: பெட்ரோல் மிச்சமாகுமா?

மேலே பாருங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று, சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையவில்லை. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தடுக்கும் பழைய நியூட்ரல் ஸ்விட்ச்சின் இரண்டு வயரை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் போதும் என்கிறார் நண்பர்.

போதும்தான், ஸ்டார்ட் ஆகும். கியரில் நிற்கும்போது யாராவது ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகும், எதிரே சுவரோ ஆளோ இருந்தாலும் பாயும். அந்த இரண்டு வயரை கிளட்ச் பெடல் ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோங்கள். ரிவர்ஸ் விளக்கின் வயர்களும் அந்தப் பழைய ஸ்விட்ச்சில்தான் இருக்கும். அவை கியர்பாக்ஸிலுள்ள ரிவர்ஸ் ஸ்விட்ச்சுக்கு.

மறுப்பு: கரடுமுரடான ஏற்றத்தில் நின்றுபோனால் கிளட்ச்சைத் தொடாமல் கியரிலேயே ஸ்டார்ட்டரால் நகர்த்துவோம். டொயோட்டாவே அதற்கு ஒரு பொத்தான் கொடுத்தது.

கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொத்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஓட்டுபவர் வேண்டும்போது அழுத்துவது அது. முறுக்கிய வயர் இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தியே இருக்கிறது. டேஷ்போர்டில் தனி ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள், என் ஆசீர்வாதம் உண்டு.

மறுப்பு: அந்தக் காலத்து வண்டிகளில் இந்த ஸ்விட்ச்சே கிடையாது. யார் செத்தார்கள்?

அந்தக் காலத்தில் சீட் பெல்ட்டும் கிடையாது. இந்தப் பேச்சை இங்கே நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. எத்தனை முறை ஏர் எடுத்தும் சரியாகவில்லை.

ஃபோர்டுதானே? மாஸ்டர் சிலிண்டர் மூக்கு தூக்கி உட்கார்ந்திருப்பதால் காற்று முன்முனையில் சிக்கிக்கொள்கிறது. அதைக் கழற்றி, முன்முனை கீழே வருமாறு சாய்த்து, ராடை மெதுவாகக் குத்துங்கள். குமிழிகள் கிளட்ச் எண்ணெய் டப்பாவுக்கு ஏறிவிடும்.

கேள்வி: ரேடியேட்டருக்குப் போகும் ஆட்டோமேட்டிக் கூலர் குழாய்களை என்ன செய்வது?

கழற்றி எறியுங்கள். ரேடியேட்டர் பக்கத் துளைகளைத் தூசி போகாமல் மூடுங்கள். இன்ஜின் தண்ணீர் அதில் வராது.

கேள்வி: ஃபோர் வீல் வண்டி. முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படியே சேருமா?

இன்புட் ஸ்ப்லைன் பல்லை எண்ணுங்கள். எண்ணாமல் வாங்காதீர்கள். அதற்குமேல் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, மைலேஜ்...

அடுத்து.

கேள்வி: டீசல் பிக்கப்பில்...

என் துறை இல்லை.

கேள்வி: ஒரு சனி ஞாயிறில் முடியுமா?

எல்லாச் சாமானும் தரையில் பரப்பி, கூட ஒருவர் இருந்தால் முடியும். என்னுடைய முதல் வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்டாண்டில் நின்றது. நான்கு போல்ட்டுக்காகவும் ஒரு கிளட்ச் ஃபோர்க்குக்காகவும்.

ஸ்விட்ச் விஷயமாக இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். படித்தேன். வயரை முறுக்காதீர்கள்.