வாசகர் கேள்வி பதில்: வீடில்லாத திறப்பு

கேள்வி: எங்கள் ஊர் சம்பூர். 2006இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்த காலம் முழுக்க அம்மம்மா வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தே வைத்திருந்தார். பலஸ்தீனர்களும் 1948இல் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பை இன்னும் வைத்திருக்கிறார்களாம். வீடே இல்லாமல் போன பிறகு அது எதற்கு?
- ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, நீங்கள் ஊருக்குத் திரும்பியபோது மட்டும் வீடு இருந்ததா? கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தானே பலர் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்கள்.

1948இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில், சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் பலஸ்தீனர்களும் கதவைப் பூட்டினார்கள். 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஓடினார்கள், அல்லது துரத்தப்பட்டார்கள். 400க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின. அதில் ஒன்று சஃபூரியா, நாசரேத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். அந்த ஊர்க்காரர் பலர் நாசரேத்திலேயே தங்கி இஸ்ரேலியக் குடியுரிமையும் பெற்றார்கள், ஆனால் ஊருக்குப் போய்க் குடியிருக்க விடவில்லை, 1950இல் வந்த சட்டம் ஊரை விட்டுப் போனவர்களின் சொத்தை அரசு நியமித்த பொறுப்பாளரிடம் கொடுத்தபோது அதே நாட்டுக்குள் இருந்த இவர்களையும் 'இல்லாதவர்கள்' கணக்கில் சேர்த்துவிட்டது. 'இருந்தும் இல்லாதவர்' என்றே இவர்களைச் சொல்வார்கள். பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் ஊர், ஆனால் போய்க் குடியிருக்க முடியாது. ஊரை மூடி வைத்த இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே காத்திருந்த உங்கள் அம்மம்மாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரிலிருந்து லெபனானுக்குப் போனவர்கள் சைதாவுக்குப் பக்கத்து ஐன் அல்-ஹில்வே முகாமில் தாங்கள் இருக்கும் குறிச்சிக்கும் சஃபூரியா என்றே பெயர் வைத்தார்கள்.

திரும்பிப் போய் அயலவரோடு சமாதானமாக வாழ விரும்புகிறவர்களைப் போக விட வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையின் 194ஆம் தீர்மானம் 1948 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. போக விடும் நாளில் "இது என் வீடு" என்று காட்ட அவர்களிடம் மிஞ்சியது காணி உறுதியும் திறப்பும்தான், அதை எப்படி எறிவார்கள்? காசா மக்களில் பெரும்பாலானோர் 1948இல் ஓடிவந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும். 2023 ஒக்டோபரில் போர் தொடங்கிய பிறகு அவர்கள் மறுபடி ஓடினார்கள், அதுவும் ஒரு தடவை அல்ல. எனக்கு அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

கேள்வி: முகாமில் பிறந்த பலஸ்தீனப் பேரனும் அகதியா?
- வாசகர், மூதூர்

பதில்: ஆம். பலஸ்தீன அகதிகளுக்காக 1950இல் வேலையைத் தொடங்கிய ஐ.நா. நிவாரண முகவரகம் தகப்பன் வழிப் பிள்ளைகளையும் பதிகிறது, இப்போது ஏறக்குறைய 59 இலட்சம் பேர். ஆனால் அப்பப்பா அன்றைக்கு எந்தப் பக்கம் நடந்தார் என்பதில் பேரனின் வாழ்க்கை மாறிவிடுகிறது. யோர்தானில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை கிடைத்தது. லெபனானில் பிறந்தவர் மருத்துவம் படித்தாலும் ஐ.நா. முகவரகம் போன்ற அமைப்புகளின் நிலையங்களுக்கு வெளியே அந்த நாட்டில் டொக்டராக வேலை செய்ய முடியாது.