சைனோவியல் சார்கோமா: கத்தி வைக்கும் முன்

தலவாக்கலை: டொக்டர், அம்மா கொழுந்து எடுப்பவர். தொடையில் ஒரு வருசமாகக் கட்டி. வலி இல்லை. கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடலாமா?

வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள் மகள். சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய், பெரும்பாலும் வலிக்காமல்தான் வளரும். அம்மாவைக் காலை நீட்டி விறைக்கச் சொல்லிவிட்டுக் கட்டியை அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தபோது அசைந்தது, தசை இறுகியதும் அசையாமல் நின்றால், அது ஆழத்தில் இருக்கிறது. தையல் டேப்பால் அளந்து, திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், ஆழத்தில் இருந்தாலும், வளர்ந்துகொண்டே போனாலும் ஸ்கேன் கட்டாயம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

ஹட்டன்: தம்பிக்கு 22 வயது. முழங்காலுக்குப் பின்னால் 3 சென்டிமீட்டர் கட்டி, தொட்டால் வலி. எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள். நீர்க்கட்டி என்கிறார்கள்.

இதை உடனே பாருங்கள். சார்கோமாவில் ஒரு வகையான சைனோவியல் சார்கோமா இளவயதில், முழங்காலை ஒட்டி, சிறிதாகவும் வரும். வருசக்கணக்காக மெதுவாக வளர்ந்து ஏமாற்றும், சிலருக்கு வலிக்கவும் செய்யும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனில் கட்டிக்குள் இரத்தம் ஓடினால் அது நீர்க்கட்டி இல்லை.

அடுத்தது எம்.ஆர்.ஐ. அதை ஊசி குத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும். குத்திய இடத்து இரத்தக்கசிவு படத்தைக் குழப்பிவிடும். பிறகு திசுவைத் துண்டாக வெட்டி எடுக்கும் 14 கேஜ் கோர் ஊசியால் கட்டியிலிருந்து பல துண்டுகள் எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் செல்கள் இதற்குப் போதாது. பின்னால் கத்தி வைக்கப்போகும் கோட்டிலேயே ஊசி இறங்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுப்பார்கள். துண்டுகள் உடனே திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபோர்மலினுக்குள், அவற்றின் அளவைப்போல் பத்து மடங்கு திரவத்தில் போக வேண்டும். சேலைனில் போட்டு அனுப்பினால் திசு கெட்டுவிடும்.

ஆய்வுகூடத்தில் துண்டுகளில் டி.எல்.இ.1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் பிடிப்பது ஒரு தடயம் மட்டுமே, வேறு கட்டிகளிலும் பிடிக்கும். எக்ஸ், 18 ஆகிய இரு குரோமோசோம்களும் துண்டு மாறி ஒட்டியிருப்பதை ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையில் கண்டால், சைனோவியல் சார்கோமா என்பதில் சந்தேகமில்லை.

பதுளை: ஊசி குத்தினால் பரவுமாமே?

முறையாகக் குத்தினால் அந்தப் பயம் வேண்டாம். என்னவென்று தெரியாமல் வெட்டுவதுதான் கேடு: ஓரத்தில் மிச்சம் நிற்கும், அடுத்த சத்திரசிகிச்சை இன்னும் பெரிதாகும்.

நுவரெலியா: கட்டியை எடுத்தாயிற்று. ரிப்போட்டில் 'ஸ்பிண்டில் செல் கட்டி' என்று மட்டும் இருக்கிறது.

'ஸ்பிண்டில் செல்' என்றால் கதிர்போல் நீண்ட செல்கள் என்று மட்டுமே பொருள், அது எந்தக் கட்டி என்று சொல்லாது. சோதனைக்காக மறுபடி வெட்டத் தேவையில்லை. எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் ஆய்வுகூடத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி, சத்திரசிகிச்சைக் குறிப்போடு கண்டிக்கோ மஹரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். சார்கோமா என்று உறுதியானால் வெட்டிய இடத்துக்கு எம்.ஆர்.ஐ.யும் நெஞ்சுக்கு சி.டி.யும் எடுக்க வேண்டும். இது பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். பஸ்ஸில் போகும்போது பிளாக்கை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.