மீதி இருக்கும் புதிர்த் துண்டுகளுக்கு 50 சிசியில் போங்கள்

வணக்கம் அண்ணாச்சி. கார்ஃபீல்ட் கார்ட் ஃபியூரியஸ் ரேசிங் என்ற கார் பந்தய வீடியோ கேமில் எல்லாக் கோப்பையும் வாங்கியும் புதிர்த் துண்டுகள் நாலைந்து கிடைக்கவில்லை, அதனால் ஆட்டம் முழுமையாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் என் அக்கா மகனோடு உட்கார்ந்து நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

மொத்தம் 16 தடங்கள், தடத்துக்கு 3 துண்டுகள். 150 சிசி என்ற அதிவேக நிலையில் தேடாதீர்கள், கண்ணில் படுவதற்குள் வண்டி தாண்டிவிடும். 50 சிசி என்ற மெதுவான நிலையில் அந்த ஒரு தடத்தை மட்டும் தனி ரேஸாக எடுங்கள். எத்தனையாவது வருகிறோம் என்ற நினைப்பே வேண்டாம். முதல் சுற்றில் வண்டியைக் குதிக்க வைக்கும் ஸ்பிரிங் கிடைத்தால் அவசரப்பட்டு அமுக்கிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். குறுக்குவழிகள் சில அதை வைத்துக் குதித்தால்தான் திறக்கும். நாங்கள் தேடித் தவித்த துண்டுகளில் பாதி அப்படிப்பட்ட வழிகளில்தான் இருந்தன. ஜங்ஷனுக்குப் போக நாம் சந்து சந்தாகப் புகுந்து போவோமே, அந்தக் கண்ணோடு ஓரங்களைப் பாருங்கள். தவறவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரலாம், தப்பில்லை.

துண்டு கிடைத்ததும் பாதியில் வெளியேறாமல் ரேஸை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ரேஸ் முடிவதற்குள் கரண்ட் போய் எங்களுக்கு ஒரு சாயங்காலமே வீணானது, பையன் அழுதேவிட்டான்.

நேரத்தோடு போட்டி போட்டு ஓட்டும் டைம் டிரையலை அப்புறம் பார்க்கலாம். துண்டு தேடி அலைந்ததில் வளைவெல்லாம் மனப்பாடமாகியிருக்கும், வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு, அதாவது டிரிஃப்ட் போட்டு, வேகம் எடுப்பது தானாக வரும். எந்தத் தடம் மிச்சம் என்று சொல்லுங்கள், நாங்கள் சேவ் செய்து வைத்த ஆட்டத்தைத் திறந்து இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.