செடிக்குக் கீழே போகும் தண்ணீருக்கு யார் கணக்கு?

கேள்வி: பண்ருட்டி அருகே ஒரு ஏக்கர் செம்மணலில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன், வயது 35 நாள். கைப்பேசிச் செயலி நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்கிறது. அதன்படி ஐந்து நாளுக்கு ஒருமுறை 30 மில்லிமீட்டர் பாய்ச்சுகிறேன். ஆனாலும் நான்காம் நாள் துவண்ட செடி பொழுது சாய்ந்தும் நிமிரவில்லை. அடி இலைகள் மஞ்சளாகின்றன. கடைக்காரர் ஏக்கருக்கு 2 கிலோ ஜெல் குருணையும் யூரியாவும் போடச் சொல்கிறார். ஜெல் தன் எடையைப் போல 400 மடங்கு நீர் பிடிக்குமாம். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொல்வதையே பெருக்கிப் பாருங்கள்: 800 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றாலே ஏறத்தாழ 4,000 லிட்டர். கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத சரக்கு, நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் தாங்காது. பளபளப்பான பைக்குத்தான் விலை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஊற்றிய 30 மில்லிமீட்டர் எங்கே போனது என்பதை. செயலி வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. உங்கள் மண்ணைப் பார்த்ததில்லை. வெற்று மண் ஈரமாக இருக்கும் ஓரிரு நாள்தான் வெயில் கேட்டதைக் கொடுக்கும். மேல்மண் காய்ந்ததும் ஆவியாவது நாளுக்கு நாள் சரிந்துவிடும். கீழே வடிவதோ செயலியின் கணக்கிலேயே இல்லை. மணற்பாங்கான மண்ணின் மேல் ஓரடி, செடிக்கு உதவும் நீராக 25 மில்லிமீட்டர் பிடித்தாலே அதிகம். அதில் பாதியைத்தான் செடி சிரமமின்றி எடுக்கும். மீதி ஊற்றியது வேருக்குக் கீழே இறங்குகிறது, தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொண்டு. மஞ்சளுக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

என்னிடம் வருகிற எல்லோரையும் நான் குழி வெட்டச் சொல்வேன், சலித்துக்கொள்வார்கள். பாய்ச்சிய மறுநாள் தண்ணீர் நுழையும் மடைவாயிலும் கடைசிப் பாத்தியிலும் இரண்டடி ஆழம் வெட்டுங்கள். முழங்கையளவு ஆழத்திலும் மண் உருண்டை பிடித்தால் அவ்வளவும் நஷ்டம். எந்தக் கருவி வாங்குவதற்கு முன்பும் மண்வெட்டி. அது பொய் சொல்லாது, மாதச் சந்தாவும் கேட்காது.

மழைத்தூவான் (ஸ்பிரிங்க்ளர்) கிடைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் போதும். வாய்க்கால் பாசனத்தில் அவ்வளவு மெல்லிசாகப் பரப்ப முடியாது, பாத்தியைச் சிறிதாக்குங்கள். அடிக்கடி நனைத்தால் மேல்மண் ஆவி கூடும், உண்மைதான். முந்திரிச் சருகு பரப்பினால் குறையும், ஆனால் பூத்த பின் காய்பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம் நெருங்கிவிட்டது, சருகு குறுக்கே நிற்கும். இந்தப் போகம் சருகு வேண்டாம்; மண் நீரைப் பிடித்துவைக்க, கோடையில் ஏரி வண்டல் அடியுங்கள்.

யூரியாவுக்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் செடி தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது; மூட்டையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.