தபால்பெட்டிக் கூரையடியில் பெஞ்ச் போடலாமா?

"இது கூடுமிடம் இல்லை" என்று சொல்லி, உங்கள் டெக்சாஸ் காண்டோ சங்கம் (அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சங்கம்), எல்லா வீடுகளின் தபால்பெட்டிகளும் சேர்ந்து இருக்கும் கூரையடியில் கிடந்த பெஞ்சை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி (Fair Housing Act) அந்தக் கூரையடி பொதுப் பயன்பாட்டு இடம்தான். 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த, நான்கு வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால், சக்கர நாற்காலியில் போய்வர வழி இருந்தே ஆக வேண்டும். அதற்காக உட்கார்ந்து பேசும் உரிமையும் தானாக வந்துவிடாது. அதைச் சொல்ல வேண்டியது சங்கத்தின் விதிப்பத்திரம். முதலில் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பெஞ்ச் பெட்டிகளுக்கு நேர் எதிரே கிடந்ததா? அப்படியென்றால் சங்கத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகத் திறக்கும் பெரிய கதவைத் தபால்காரர் முழுசாகத் திறந்து நிற்க இடம் வேண்டுமே. பக்கவாட்டில் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், 'பூனையைக் காணோம்' நோட்டீஸைப் பெட்டிமேல் ஒட்டாதீர்கள், தபால்துறை விதி இடம் கொடுக்காது. கூரைத் தூணில், சங்கம் சரி என்றால், ஒட்டலாம்.