சைக்கிள் டூர், நடை டூர்: காசு கட்டுறதுக்கு முன்னாடி என்னெல்லாம் கேக்கணும்?

கேள்வி: உத்தமபாளையம் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார் நான், வயசு 59. காலையில கம்பம் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வர்றது பல வருஷப் பழக்கம். ஜெர்மனி பாசாவ்ல இருந்து ஆஸ்திரியா வியன்னா வரைக்கும் டானூப் ஆத்தோரமா 8 நாள் குரூப் சைக்கிள் டூர் ஒண்ணுக்கு ஒரு கம்பெனி அட்வான்ஸ் கேக்குது. "ஈசி டு மாடரேட்"னு போட்டிருக்காங்க. கட்டலாமா?

பதில்: சார், ரூட்டைப் பொறுத்தவரைக்கும் தைரியமா போகலாம். பாசாவ்ல இருந்து வியன்னா ஏறத்தாழ 320 கிலோமீட்டர், ஆறு ஓடுற திசையிலேயே போறதால பெரும்பாலும் சமதரை, ஆறு நாள் மிதிச்சா ஒரு நாளைக்கு 50, 55 வரும், தினமும் மிதிக்கிற உங்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல. ரெண்டு கரையிலயும் பாதை இருக்கு, அங்கங்க சின்ன படகுல சைக்கிளோட அக்கரைக்கு மாறிக்கலாம். மெல்க்ல இருந்து க்ரெம்ஸ் வரைக்கும் வாஹாவ் பள்ளத்தாக்கு, 2000-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம், கல்லு அடுக்கி படிக்கட்டு மாதிரி கட்டின சரிவுல திராட்சைத் தோட்டம். நம்ம பக்கம் பந்தல்ல தலைக்கு மேல தொங்குற பன்னீர் திராட்சையைப் பாத்து வளந்த நமக்கு, அங்க இடுப்பு உயரத்துல கம்பி கட்டி வரிசையா ஏத்தியிருக்கிறதைப் பாத்ததும் சைக்கிளை நிறுத்தாம இருக்க முடியாது.

ஆனா அட்வான்ஸை இன்னைக்கே கட்டாதீங்க. நீங்க காசு குடுத்து வாங்குறது டானூப் ஆத்தை இல்ல சார், அது யாரு போனாலும் இலவசம், நீங்க வாங்குறது ஒவ்வொரு நாளும் யாரு என்ன பண்ணுவாங்கன்ற ஏற்பாட்டைத்தான். அந்த ஏற்பாடு எழுத்துல இல்லாம அழகா போட்டோ போட்ட பிடிஎஃப் மட்டும் வந்திருந்தா நீங்க இன்னும் எதையும் வாங்கலைன்னு அர்த்தம். நாள்வாரி ஐட்டினரி கேளுங்க, ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏத்தம், எவ்வளவு தார் ரோடு எவ்வளவு மண் பாதைன்னு அதுல இருக்கணும். "ஈசி", "மாடரேட்"ன்றதெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு, அதை நம்ப வேண்டாம். லோயர் கேம்ப்ல இருந்து குமுளி செக்போஸ்ட் வரைக்கும் ஒரு நாள் விடியக்காலையில ஏறிப் பாருங்க, போன் ஆப்ல எத்தனை மீட்டர் ஏறுனீங்கன்னு காட்டும், அந்த நம்பரை வச்சுக்கிட்டு அவங்க குடுக்குற நம்பரைப் பாத்தா உங்க உடம்புக்கு எது ஆகும்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

அடுத்து குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை. இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. எத்தனை பேர் சேர்ந்தா டூர் நிச்சயம் கிளம்பும், ஆள் சேரலைன்னா எத்தனை நாளைக்கு முன்னாடி ரத்து பண்ணுவாங்கன்னு கேட்டு மெயில்ல பதில் வாங்குங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி கேன்சல் பண்ணி டூர் பணத்தை மட்டும் திருப்பிக் குடுத்துட்டா, நீங்க நெடும்பாசேரியில (கொச்சி ஏர்போர்ட்) இருந்து போட்ட பிளைட் டிக்கெட்டுக்கு யாரு பொறுப்பு? அதனால "டூர் கன்ஃபார்ம்"னு எழுத்துல வராம பிளைட் போடாதீங்க, போட்டே ஆகணும்னா ரீஃபண்ட் உள்ள டிக்கெட்டா போடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல.

சைக்கிளைப் பத்தி. நான் இதே ரூட்ல போனப்ப எங்க குரூப்ல வந்த அண்ணன் ஒருத்தர் முதல் நாளே விழுந்து உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சுபோச்சு. காரணம் என்னன்னா நம்ம ஊர் சைக்கிள்ல வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு, அங்க பொதுவா இடது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. அவரு பழக்கத்துல பின்பிரேக்னு நினைச்சு இடதை ஒரே அழுத்தா அழுத்திட்டாரு. சில வாடகை சைக்கிள்ல பெடலை பின்னாடி மிதிச்சா பிரேக் பிடிக்கிற மாதிரியும் இருக்கும், தெரியாம சும்மா காலை பின்னாடி சுத்துனா சடக்குன்னு நின்னுரும். போதாக்குறைக்கு அங்க எல்லாம் வலது பக்கம் போகணும். முதல் நாள் சைக்கிள் கையில வந்ததும் அரை மணி நேரம் காலி இடத்துல ஓட்டிப் பாக்க நேரம் குடுக்குறாங்களான்னு கேளுங்க, நல்ல கம்பெனி கண்டிப்பா குடுக்கும். உயரத்தை மட்டும் அனுப்பாம கால் உள்பக்க அளவையும் செருப்பில்லாம அளந்து அனுப்புங்க, நான் உயரத்தை மட்டும் அனுப்பி எனக்கு வந்த பிரேம் பெருசா இருந்துச்சு, வழியில லின்ட்ஸ்ன்ற ஊர்ல மாத்திக் குடுக்குற வரைக்கும் முழங்கால் வலியோடதான் ஓட்டினேன். இ-பைக் வேணும்னா இப்பவே சொல்லி வைங்க, வாடகை தனியா வரும். ஐரோப்பாவுல அது 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் மோட்டார் உதவி பண்ணும், அதுவும் நீங்க மிதிச்சாதான், நம்ம ஊர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மாதிரி கிடையாது.

சப்போர்ட் வேன் கூடவே வருமா, இல்ல பெட்டியை மட்டும் ஹோட்டலுக்கு ஹோட்டல் கொண்டு போற வேனா? ரெண்டும் வேற வேற, விலையும் வேற. ஒரு நாள் முடியலைன்னா ஏறி உக்கார இடம் இருக்கான்னு நேரா கேளுங்க. தனி ரூம் வேணும்னா தனியா சார்ஜ், மதியச் சாப்பாடு பெரும்பாலும் உங்க செலவு, சில ஊர்ல ஹோட்டல்லயே ஊர் வரி வாங்குவாங்க. சைவம்னா மீனும் முட்டையும் கூடாதுன்னு விளக்கமா எழுதி அனுப்புங்க, வெறும் "வெஜ்"னு எழுதினா போதாது.

விசாவுல ஒரு விஷயம். டூர் பாசாவ்ல ஆரம்பிக்குதேன்னு ஜெர்மனி விசாவுக்குப் போயிடாதீங்க, எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டுகிட்டதான் ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா) கேக்கணும், உங்க ஐட்டினரியில அது ஆஸ்திரியாவாத்தான் இருக்கும், ராத்திரியை எண்ணிப் பாத்துக்குங்க. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், 2024 ஜூன்ல இருந்து ஃபீஸ் 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ் தனி, இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் இருக்கணும். கோடைக்கு ஸ்லாட் கிடைக்கிறது கஷ்டம், தள்ளிப் போடாதீங்க. விசா ரிஜெக்ட் ஆனா அட்வான்ஸ் என்ன ஆகும்னும் கேளுங்க, பல கம்பெனி அதை நீங்களே கேன்சல் பண்ணின கணக்குலதான் சேர்க்கும்.

இந்தியக் கம்பெனி மூலமா வாங்கினா பில்லுல டிசிஎஸ்னு, அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரின்னு, ஒரு தொகை சேர்ப்பாங்க. 2025 ஏப்ரல்ல 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம்னு வச்சாங்க, இது பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், கட்டுற அன்னைக்கு என்ன ரேட்டுன்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க. அது போன காசு இல்ல சார், உங்க பான் நம்பர்ல வரவு இருக்கும், வருமான வரி கணக்கு தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், வரியே இல்லைன்னா திரும்ப வரும். பென்ஷன் மட்டும்தானேன்னு கணக்கு தாக்கல் பண்ணாம விட்டா அந்தக் காசு அங்கயே கிடக்கும்.

நேரா ஐரோப்பியக் கம்பெனிகிட்ட வாங்கினா ஒரு நல்லது இருக்கு. அங்க பேக்கேஜ் டூர் விக்கிற கம்பெனி திவாலானா வாடிக்கையாளர் பணம் திரும்பக் கிடைக்க முன்கூட்டியே உத்தரவாதம் கட்டி வச்சிருக்கணும்னு 2015 ஐரோப்பிய யூனியன் சட்டம் சொல்லுது, வாங்குறவர் எந்த நாட்டுல குடியிருந்தாலும் அது செல்லும். அந்த உத்தரவாதம் யாருகிட்ட இருக்குன்னு பேரோட குடுக்கச் சொல்லுங்க. புக் பண்ணின பிறகு விலையை 8 சதவீதத்துக்கு மேல ஏத்தினா நீங்க அபராதம் இல்லாம விலகிக்கலாம்.

கேள்வி: எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, பழனி பாதயாத்திரை நாலு தடவை போயிருக்கேன், கம்பத்துல டெய்லரிங் கடை வச்சிருக்கேன். ஸ்பெயின்ல சாண்டியாகோன்ற ஊர் சர்ச்சுக்கு நம்ம பாதயாத்திரை மாதிரி நடந்து போற குரூப் டூர் பாத்தேன், கைடோட போறது ரொம்ப விலை. கைடு இல்லாம போக முடியுமா?

பதில்: முடியும் அக்கா, இந்த ஒரு ரூட்டுக்கு கைடு காசு வேஸ்ட்னுதான் நான் சொல்லுவேன். சாரியான்ற ஊர்ல இருந்து சாண்டியாகோ கிட்டத்தட்ட 115 கிலோமீட்டர், போர்டோமரீன், பாலாஸ் தெ ரேய், அர்சுவா வழியா அஞ்சு ஆறு நாள். வழி முழுக்க மஞ்சள் அம்புக்குறியும் சிப்பி அடையாளமும் போட்டிருப்பாங்க, முன்னாடியும் பின்னாடியும் ஆள் நடந்துக்கிட்டே இருக்கும், தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் ரோட்டுல நடக்கிற மாதிரிதான், வழி தவற வாய்ப்பே கம்மி. நடந்து முடிச்சதுக்கு சர்டிபிகேட் வேணும்னா கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்கணும், அதுக்குன்னு ஒரு அட்டை வாங்கி தினமும் ரெண்டு இடத்துல சீல் வாங்கணும், சர்ச்சுலயும் வைப்பாங்க, டீக்கடை மாதிரி இருக்கிற காபிக் கடையிலயும் வைப்பாங்க. சைக்கிள்காரங்களுக்கு அது 200 கிலோமீட்டர்.

நீங்க வாங்க வேண்டியது "செல்ஃப் கைடட்" பேக்கேஜ், ரூமும் பெட்டி கொண்டு போறதும் அவங்க பாத்துக்குவாங்க, நடக்கிறது மட்டும் நீங்க. ஆத்திர அவசரத்துக்குப் போன் எடுக்குற நம்பர் 24 மணி நேரமும் உண்டான்னு மட்டும் உறுதி பண்ணிக்குங்க, இங்கிலீஷ்ல பேசத் தயக்கமா இருந்தா தெரிஞ்சவங்க ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஷூவை இங்கயே வாங்கி ரெண்டு மாசம் சுருளி பக்கம் நடந்து பழக்கிட்டுப் போங்க. பாதயாத்திரையில கொப்புளம் எங்க வரும்னு உங்களுக்குத் தெரியாததா, ஈரம் பட்டா அங்கயும் அதே இடத்துலதான் வரும், சாக்ஸ் கூடுதலா எடுத்துக்குங்க.

ஆனா இதே யோசனையை ஆல்ப்ஸ் மலைக்கு எடுத்துக்காதீங்க. மான் பிளாங்க் மலையைச் சுத்தி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்துன்னு மூணு நாட்டுல போற நடை கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் 10,000 மீட்டர் பக்கம் வரும், அங்க மழையும் பனியும் எப்ப மாறும்னு தெரிஞ்ச கைடுக்கு குடுக்குற காசு நியாயமான காசு.

கேள்வி: ஐரோப்பா எல்லாம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. பக்கத்துல ஏதாவது நடை டூர் இருக்கா? சின்னமனூர்.

பதில்: இலங்கை பீக்கோ டிரெயில் பாருங்க. கண்டி பக்கத்துல தொடங்கி நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டர், 22 கட்டமா பிரிச்சிருக்காங்க, முழுசும் நடக்கணும்னு கிடையாது, மூணு நாலு கட்டம் மட்டும் எடுத்தாலும் போதும். மதுரையில இருந்து கொழும்புக்கு நேரடி பிளைட் இருக்கு. பாதை தேயிலைத் தோட்டங்களுக்குள்ள போகுது, லயத்துல இருக்கிறவங்க தமிழ்லதான் பேசுவாங்க, கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தங்க "நீங்க எந்த ஊரு"ன்னு கேக்குறப்ப மேகமலை எஸ்டேட்ல நிக்கிற மாதிரியே இருக்கும். கைடு அந்த ஊர்க்காரரா, அவருக்கு அந்தக் கட்டம் நடந்த அனுபவம் இருக்கான்னு கேளுங்க, கொழும்புல இருந்து கார்ல கூட்டிட்டு வர்ற டிரைவரையே கைடுன்னு எழுதியிருந்தா வேண்டாம். அட்டை கடிக்கும், மழைக்காலம்னா ரொம்ப, நீளமான சாக்ஸ் போட்டு பேண்ட்டை உள்ள விட்டுக்குங்க.

கேள்வி: கூடலூர்ல இருந்து எழுதுறேன். வியட்நாம் சைக்கிள் டூருக்கு ஒரு ஏஜென்ட்கிட்ட 85,000 கட்டினோம். ஆள் சேரலைன்னு 12 நாள் முன்னாடி ரத்து பண்ணிட்டாரு. பணத்துக்குப் பதிலா "அடுத்த வருஷம் போகலாம், கிரெடிட் வச்சுக்குங்க"ங்கிறாரு. ஒத்துக்கணுமா?

பதில்: வேண்டாம். ரத்து பண்ணினது அவரு, நீங்க இல்ல. கிரெடிட் வாங்கிக்கிறது உங்க இஷ்டம், கட்டாயம் கிடையாது. முதல்ல போன்ல பேசறதை நிறுத்திட்டு எல்லாத்தையும் மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ எழுத்துலயே பேசுங்க. "டூரை நீங்க ரத்து செய்தீர்கள், கட்டிய 85,000 ரூபாயை 15 நாளில் திருப்பித் தரவும், ரத்தானதால் வீணான பிளைட் டிக்கெட் தொகை இவ்வளவு"ன்னு ரசீது, டிக்கெட், அவரு ரத்துன்னு சொன்ன மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா அதே நாள் பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க, அதுக்கு நாள் கெடு உண்டு, லேட் பண்ணினா எடுத்துக்க மாட்டாங்க.

பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயும் பேசலாம். பல கேஸ் அங்கயே முடிஞ்சிரும். முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம், ஏஜென்ட் ஆபீஸ் எர்ணாகுளத்துல இருந்தாலும் சென்னையில இருந்தாலும் நீங்க தேனியில போடலாம், அலைய வேண்டாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே ஆஜராகலாம், ஆன்லைன்லயும் பதியலாம். பிரச்சனை நடந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். பிளைட் காசு முழுசா கிடைக்குமான்றது நீங்க கையெழுத்து போட்ட டெர்ம்ஸ்ல குறைஞ்சபட்ச ஆள் விஷயம் எப்படி எழுதியிருக்குன்றதைப் பொறுத்தது, அந்தப் பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு ரத்து பண்ண அவருக்கு எத்தனை நாள் கெடுன்னு பாருங்க. அதுல 30 நாள்னு இருந்து அவரு 12 நாள்ல சொல்லியிருந்தா உங்க பக்கம் பலமா இருக்கு, நோட்டீஸ்ல முதல் வரியா அதையே எழுதுங்க.